அப்பா சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

டென்மார்க்கில் பிராண்டேயிலும் ரண்டர்ஸிலும் பிரெடெரிசியாவிலும் என்னோடு வளர்ந்தவர்களே, நம்மில் சிலருக்குக் காதோரம் ஒன்றிரண்டு நரை தெரியத் தொடங்கிவிட்டது. நாம் தமிழில் கேட்பதற்கு நம் பிள்ளைகள் டேனிஷில் பதில் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றபோது, பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு அந்தக் காலம் எங்கை விளங்கப் போகுது? நீங்கள் அப்ப சின்னப் பிள்ளையள்" என்றார். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

சின்னப் பிள்ளைகளாம். டேனிஷில் கடிதம் எழுத நாம் வேண்டும். வந்த பதில்களை வாசித்துத் தமிழில் சொல்ல நாம் வேண்டும். மைக்குக்கு முன்னால் நின்று அழவும் நாம்தான் வேண்டும். அப்போதெல்லாம் நாம் சின்னப் பிள்ளைகள் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. போர் முடிந்த அந்த வருடத்தில் எனக்குப் பதின்மூன்று வயது. எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதை எழுதுகிறேன்.

அப்பா காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போது ரெசின் பசையின் மணமும் அவரோடு வரும். அவருடைய உடுப்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடி நார்த் தூசு பட்டால் நாள் முழுக்கக் கடிக்கும் என்பதால் அம்மா அதைத் தனியாகத்தான் தோய்ப்பார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் பிள்ளை நான் ஒருத்தி.

வன்னியில் சண்டை இறுகியபோது அப்பா பெரிய வரைபடம் ஒன்று வேண்டும் என்றார். பள்ளிக்கூட நூலகத்தில் ஒன்பது தாள்களில் அச்செடுத்து நான்தான் கொண்டுவந்து ஒட்டிக்கொடுத்தேன். வரவேற்பறைச் சுவரில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அது ஏறியது. அம்மாவின் சேலை ஊசிகளில் சிவப்புத் தலை உள்ளவை அரசாங்க ஆமி, மஞ்சள் தலை உள்ளவை போராளிகளின் இயக்கம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே அப்பா கணினியைத் திறப்பார். செய்தி பார்த்துவிட்டு ஊசிகளை நகர்த்துவார். மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. ஊர்ப்பெயர்களை நான் அப்படித்தான் படித்தேன், ஒவ்வொன்றாக விழ விழ.

ஜனவரித் தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்தது. அப்பா இரண்டு நாள் அந்த ஊசியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பிரெடெரிசியா மாமா வந்தார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. கூட்டங்கள், ஊர்வலங்கள் எல்லாம் ஒழுங்குசெய்பவர். யூலான்ட் பகுதியின் பாதித் தமிழ் வீடுகளில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. அவர் வரைபடத்தின் முன் நின்று, ஏதோ இவர்தான் சண்டையை நடத்துகிறவர் போலத் தலையை ஆட்டினார்.

"யோசிக்காதேங்கோ. இது பின்வாங்கல் இல்லை. உள்ளுக்கை வரவிட்டு அடிக்கப் போறாங்கள்."

"நானும் அதைத்தான் இவளுக்குச் சொன்னனான்" என்றார் அப்பா. பிறகு அந்த மஞ்சள் ஊசியைப் பிடுங்கிக் கிழக்கே குத்தினார். முகத்தில் சந்தோஷம்.

வன்னியில் எங்களுக்கு இருந்தது அம்மாவின் ஒரே தங்கச்சி குடும்பம். சித்தி, சித்தப்பா, அவர்களுடைய ஒரே மகள். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள், எனக்கு அக்கா. சமாதானக் காலத்தில் ஒருமுறை போய் ஒரு மாதம் நின்றோம். அக்கா கரம் பலகையில் காய் அடிக்கும்போது கள்ளம் செய்வாள். கையும் களவுமாகப் பிடித்தால், "கடவுளாணை இல்லை" என்று கண்ணை உருட்டிச் சத்தியம் பண்ணுவாள். திரும்பி வரும்போது என் கையில் இருந்த ரோஸ் நிற மணிக்கூட்டை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு விமானத்தில் அழுதேன். அந்த மணிக்கூடு இப்போது எந்த மண்ணுக்குள் கிடக்கிறதோ.

கிளிநொச்சி விழுந்து ஒரு கிழமைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சித்தப்பா விசுவமடுவிலிருந்து போன் எடுத்தார். யாரோ ஒருவரின் சட்டலைட் போன். குரல் வந்து வந்து போனது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சோபாவில் அப்பாவும் பிரெடெரிசியா மாமாவும். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இஞ்சை சனம் கொஞ்சம் கொஞ்சமா ஆமியின்ரை பக்கம் போகுதுகள்" என்றார் சித்தப்பா. "பாதை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இருக்குமாம். நானும் இவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டோ? நீங்கள் வெளியிலை இருக்கிறியள். உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

அப்பா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிரெடெரிசியா மாமா தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம்.

அம்மா மீன் கையோடு வாசலில் வந்து நின்று, "போகச் சொல்லுங்கோ. இஞ்சருங்கோ, அவையைப் போகச் சொல்லுங்கோ" என்றார். அப்பா அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தினார், பேசாதே என்று.

"தம்பி, அவசரப்படாதை" என்றார் அப்பா. "ஆமியிட்டைப் போய் என்ன செய்யப் போறாய்? வயசுக்கு வந்த பிள்ளையை வைச்சுக்கொண்டு. பொறு. இன்னும் ரெண்டு கிழமை பொறு. எல்லாம் மாறும்."

"பொறுக்கட்டோ அண்ணை?"

"ஓம், பொறு."

"சரி அண்ணை. நீங்கள் சொன்னால் சரி."

தொடர்பு அறுந்தது. போன் என் கையில்தான் இருந்தது. 'சித்தப்பா, அவர் சொல்லுறதைக் கேட்காதேங்கோ, வெளிக்கிடுங்கோ' என்று நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அம்மா திரும்பிப் போய் மீனை வெட்டினார். நாங்கள் நாலு பேரும் அந்த மீனைச் சாப்பிட்டோம்.

ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு வெளிக்கிட்டிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாதையிலும் சனம் செத்தது. ஷெல் அடித்தவர் அப்பா இல்லை. அடித்தவர்கள்மேல் எனக்கிருக்கும் கோபம் வேறு, அது சாகும்வரை இருக்கும். ஆனால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. 'பொறு' என்றவர் என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர். பனி விழும் ஊரில், ஹீட்டர் போட்ட அறையில், சோபாவில் சாய்ந்துகொண்டு, குண்டு விழும் இடத்தில் நின்றவரைப் பொறுக்கச் சொன்னவர்.

இரண்டு கிழமை போனது. நாலு கிழமை போனது. மஞ்சள் ஊசிகள் கடலை நோக்கி நெருக்கிக்கொண்டு போயின. அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் எனக்குக் கடித வேலை. அப்பா தமிழில் சொல்ல, நான் டேனிஷில் எழுதவேண்டும். அமைச்சர்களுக்கு, பத்திரிகைகளுக்கு, யார் யாருக்கோ. சித்தி வீட்டைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "சொந்தக் கதை வேண்டாம். இனம் எண்டு எழுது" என்றார். ஏழாம் வகுப்பு டேனிஷில் இனம் என்று எப்படி எழுதுவது? அகராதியைப் புரட்டி ஏதோ எழுதினேன்.

ஒரேயொரு பதில் வந்தது, ஒரு அரசாங்க அலுவலகத்திலிருந்து. தடித்த வெள்ளைத் தாள். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து, "வாசி" என்றார். வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்: "நிலைமையைக் கவலையோடை பார்த்துக்கொண்டிருக்கினமாம்."

"பார்த்துக்கொண்டு?"

"அவ்வளவுதான் அப்பா. பார்த்துக்கொண்டு."

ஏதோ நான்தான் எதையோ விட்டுவிட்டேன் என்பதுபோல அப்பா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. நனைந்த சப்பாத்தோடு ஓடிப்போய் எடுத்தேன். சித்தி.

"ஆர், பிள்ளையோ? அம்மா நிக்கிறாவோ?"

"இல்லை சித்தி, வேலைக்குப் போட்டா."

"எனக்கு நேரமில்லையம்மா. கவனமாக் கேள். அக்காவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். பங்கருக்குள்ளை தண்ணிப் பரலுக்குள்ளை வைச்சு மூடித்தான் வைச்சிருந்தனாங்கள். முந்தநாள் வந்து இழுத்துக்கொண்டு போட்டினம். இயக்கம்தான். அப்பாட்டைச் சொல்லு. அங்கை பெரிய ஆக்களைத் தெரியுமெண்டு சொல்லுவார். ஆரையாவது பிடிச்சுக் கதைக்கச் சொல்லு. அவளுக்குத் துவக்குத் தூக்கத் தெரியாது எண்டு சொல்லச் சொல்லு. சொல்லுவியோ?"

"சொல்லுறன் சித்தி."

சொன்னேன். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். ரெசின் போக நகக்கண்ணெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், நான் சொல்லி முடித்த பிறகும் நிறுத்தவில்லை. பிறகு பிரெடெரிசியா மாமாவுக்குப் போன் எடுத்தார். முதலில் குரலை உயர்த்தினார். அது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. மெல்ல மெல்லக் குரல் இறங்கியது. "ஓம்... ஓம்... விளங்குது... இல்லை, வெளியிலை கதைக்க மாட்டம்." போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"இப்ப வீட்டுக்கு ஒராள் சண்டைக்குப் போகவேண்டிய நேரமாம். இந்தக் கதையை வெளியிலை விட்டால் எதிரிக்குத்தான் லாபமாம்."

"அவர் தன்ரை மகனைக் கோபன்ஹேகனிலை படிக்க விட்டிருக்கிறார்" என்றார் அம்மா.

அப்பா எழுந்து போய் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரலில் கோபன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பெரிய ஊர்வலம். பிராண்டேயிலிருந்து விடியவே பஸ் வெளிக்கிட்டது. அம்மா இரவு வேலை முடித்து முதியோர் இல்லத்து வெள்ளைச் சப்பாத்தோடே வந்து ஏறினார். பஸ்ஸுக்குள் பிரெடெரிசியா மாமா என் பக்கத்தில் வந்திருந்து ஒரு தாளைத் தந்தார். நான் டேனிஷில் பேசவேண்டியது. நான் எழுதிக் கொடுத்த பேச்சுத்தான். ஆனால் அக்காவைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரிகளை வெட்டிவிட்டு மேலே தமிழில் எழுதியிருந்தார்: 'பதுங்குகுழிக்குள் பசியோடு இருக்கிறாள்.'

"அக்கா பங்கருக்குள்ளை இல்லையே மாமா."

"சனத்துக்கு விளங்கிறமாதிரிச் சொல்லவேணும், பிள்ளை. அது பெரிய பொய்யில்லை. மற்றது, கொஞ்சம் அழுது கதை. கமரா நிக்கும்."

அப்பா முன் சீற்றில் இருந்தார். அவருக்குக் கேட்டது. திரும்பவில்லை.

கல் பதித்த அந்தச் சதுக்கத்தில் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேசத் தொடங்கினேன். என் அக்காவுக்குப் பதினாறு வயது, அவள் பதுங்குகுழிக்குள் பசியோடு இருக்கிறாள் என்றேன். அந்த இடத்தில் அழுகை வந்தது. உண்மையான அழுகைதான், ஆனால் அவர்கள் கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் வந்தது. கமரா கிட்ட வந்தது. இறங்கியதும் ஆட்கள் என் தலையைத் தடவினார்கள். "நல்லாச் செய்தாய்" என்றார்கள். ஒரு டேனிஷ் கிழவி கூட்டத்துக்குள் புகுந்து வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, அக்காவின் பெயர் என்ன என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்காக மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னார். பெயரைச் சொன்னேன். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெழுகுதிரியைக்கூட ஒரு பொய்க்கு ஏற்றவைத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காதோடு கேட்டார்: "மிச்சத்தை ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல விடேல்லை அம்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லாச் செய்தாய் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. இயக்கம் தோற்றுப் போர் முடிந்தது என்ற செய்தியை டேனிஷ் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம்கூட முழுதாகக் காட்டவில்லை. அடுத்ததாக வானிலை சொன்னார்கள். "பொய்" என்றார் அப்பா. எழும்பி மற்றச் சனலைப் போட்டார். "எல்லாம் பொய். ஆமி சொல்லுறதைச் சொல்லுறாங்கள்." அம்மா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். இன்றைக்கும் வேலையா என்று அப்பா கத்தினார். "அங்கை ஒரு வயசான மனுசிக்கு வாயிலை தீத்திவிட்டால்தான் சாப்பிடும். நான் போகாட்டி ஆர் தீத்துறது?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிரெடெரிசியா மாமா வருவதை நிறுத்திவிட்டார்.

ஓகஸ்டில் வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து சித்தி கதைத்தார். சித்தப்பா மாத்தளனில் ஷெல் பட்டுச் செத்துவிட்டார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு காணவில்லை. கடைசி நாளில் ஒரு பிள்ளை, காயத்தோடு அவள் ஆமியின் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாகச் சொன்னதாம். இன்னொரு பிள்ளை இல்லை என்றதாம். அப்பா போனை வாங்கி, "முகாமிலை சாப்பாடு எப்பிடி? தண்ணி கிடைக்குதோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னேன்: "நீங்கள்தானே பொறு எண்டு சொன்னனீங்கள்."

அப்பா என் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என்னிடமே சொன்னார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சுவரில் வரைபடம் இல்லை. ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. அந்தக் கிழமையே அதற்கும் வெள்ளை அடித்துவிட்டார்.

அடுத்த மே மாதம் நினைவுநாள். வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், பூ, விளக்கு, வரிசையாகக் கதிரைகள். பிரெடெரிசியா மாமா திரும்பி வந்திருந்தார். புதுக் கோட்டு. "போன வருசம் கதைச்ச பிள்ளைதானே, இந்த முறையும் நீ கதை. அதேமாதிரி" என்றார். ஓம் என்றேன். ஒரு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

இந்த முறை தமிழில் பேசினேன். என் தமிழ் கொச்சைத் தமிழ், உங்களுக்குத் தெரியும். ஆனால் விளங்கியது. "போன வருசம் நான் பொய் சொன்னனான். அக்கா பங்கருக்குள்ளை இருக்கேல்லை. அவவை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. சித்தி போன் எடுத்து அழுதவ. அதைச் சொல்லவேண்டாம் எண்டு எனக்குச் சொன்னவை. அதுக்கு முதல் ஜனவரியிலை, போகட்டோ எண்டு சித்தப்பா கேட்டவர். எங்கட வீட்டிலை இருந்துதான் பொறு எண்டு சொன்னது—"

மைக் நின்றது. பிரெடெரிசியா மாமா சுவரோடு இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் விடவில்லை, தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். "இறக்குங்கோ அவளை!" என்று யாரோ எழும்பினார்கள். "வளர்ப்புச் சரியில்லை" என்று ஒரு குரல். அப்போது கடைசி வரிசையில், நான் அதற்குமுன் கண்டிராத ஒரு பெண் எழும்பி நின்றார். மெலிந்த உடம்பு, தோளில் பை.

"என்ரை தம்பியையும்" என்றார். "அவனையும் அப்பிடித்தான் கொண்டு போனவை. பிள்ளை சொல்லட்டும், விடுங்கோ."

கத்தியவர்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டேன். அவர்களும் எதையோ வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள்தான் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது.

அப்பா எழும்பி வெளியே போனார். நாங்கள் வந்தபோது காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு இருந்தார். பிராண்டேக்குக் கிட்ட வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நீ சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா எல்லாருக்கும் முன்னாலை சொல்லியிருக்கக்கூடாது."

பின் சீற்றிலிருந்து அம்மா சொன்னார்: "எல்லாருக்கும் முன்னாலைதானே அவளை அழவைச்சனீங்கள்."

அப்பா காரை ஓரமாக்கி நிற்பாட்டினார். தொழிற்சாலையில் தேய்ந்த அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, அவராகவே சித்திக்குப் போன் எடுத்தார். அப்போது சித்தி முகாமைவிட்டு வெளியே வந்து சொந்தக்காரர் வீடொன்றில் இருந்தார். அப்பா ஸ்பீக்கரைப் போட்டு, என்னையும் அம்மாவையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். தொண்டையைச் செருமினார். பிறகு, மனப்பாடம் பண்ணியதுபோல ஒரே மூச்சில் சொன்னார்:

"பிள்ளை, ஜனவரியிலை தம்பி என்னட்டைக் கேட்டவர், உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு. நான்தான் பொறு எண்டு சொன்னனான்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"தெரியும் அத்தான்" என்றார் சித்தி. "அவர் அண்டைக்கே வந்து சொன்னவர். கட்டின மூட்டையை அவிழ்த்தது நான்தான்."

ஒரு வருடமும் நாலு மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகாமிலிருந்து எடுத்த ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டுதான் அத்தானைச் சுகம் விசாரித்திருக்கிறார். இன்றைக்கும் சித்தி, காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு வீதியோரக் கொட்டிலில் அக்காவின் படத்தோடு இருக்கிறார். இதுவரை அவர் அப்பாவை ஒரு சொல் குறைசொல்லி நான் கேட்டதில்லை. அவர் கோபப்படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் போனில் அடுத்ததையும் சித்திதான் கேட்டார்.

"உங்களுக்கு நாரி நோவு, குனிய ஏலாதெண்டு என்ரை அக்கா சொன்னவ. இப்ப எப்பிடி அத்தான்?"

"பரவாயில்லை" என்றார் அப்பா. "இப்ப பரவாயில்லை."